வந்து வாங்கிக்கறேன்

சாவதற்கு ஒத்திகை பார்த்த பெண்மணியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பல்லக்காவின் அம்மா பார்த்தாள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, வருஷக்கணக்காக.

பல்லக்கா என்பது தெருவில் வைத்த பெயர். அவளுக்கு வேலை பல் லேபில். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை முன்னால் வைத்துக்கொண்டு, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் சண்டை போடாமல் உட்காருகிறதா என்று பார்த்துப் பல்செட் செய்வாள். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவள் கைவேலை. மூக்கின் மேல் ஒரு தடித்த கண்ணாடி. அது இல்லாவிட்டால் எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "இன்னொண்ணு செஞ்சு வெச்சுக்கோடி, உடைஞ்சா என்ன பண்ணுவ?" என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். அம்மாவுக்கு இரண்டாவது பல்செட் செய்து கொடுத்தவளுக்குத் தனக்கு இரண்டாவது கண்ணாடி வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

அவளுக்கு ஒரு தம்பி. வீட்டில் அவர்தான் கடைக்குட்டி, ஆனால் பெயர் பெரியவர். நாலு வயதில்தான் நடக்கத் தொடங்கினார். நடந்த அன்றைக்கே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டடத்தில் குறை கண்டுபிடிக்க வந்த அதிகாரி மாதிரி வீட்டைச் சுற்றி வந்தார். அதைப் பார்த்து, அப்போது உயிரோடிருந்த அப்பா வைத்த பெயர் அது. அவருடைய மூளை வளர்ந்த விதத்துக்கு டாக்டர்கள் ஒரு நீளமான பெயர் சொன்னார்கள். அது யார் வாயிலும் நுழையவில்லை. பெரியவர் என்ற பெயர் நுழைந்துவிட்டது. அதனால் நானும் அவருக்கு மரியாதை கொடுத்தே பேசிவிடுகிறேன்.

இப்போது பெரியவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. தானே குளிப்பார், தானே உடுத்துவார், ரொட்டியில் வெண்ணெய் தடவச் சொன்னால் ஓரம் வரைக்கும் ஒரே சீராகத் தடவுவார். அடுப்புப் பக்கம் விடக்கூடாது. தெருவைக் கடக்க ஆள் வேண்டும். யாராவது கேட்டால் போட்டிருக்கும் சட்டையைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிடுவார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் காரியமாகக் குழாய்கள் ஒழுங்காக மூடியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வந்துதான் உட்காருவார். இப்படி ஒரு மனிதர்.

அவர் பகலில் போய்வரும் பயிற்சி மையத்தில் ஒரு நாள் பெற்றோரையெல்லாம் கூட்டி வைத்து, 'உங்களுக்குப் பிறகு' என்று ஒரு வகுப்பு எடுத்தார்கள். நீங்கள் போனபின் உங்கள் பிள்ளையை யார் பார்ப்பார், எங்கே இருப்பார், இப்போதே யோசியுங்கள் என்றார்கள். வந்தவர்கள் எல்லாம் முகம் தொங்கிப்போய் வீடு திரும்பினார்கள். பல்லக்காவின் அம்மா மட்டும் கைப்பையைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே மகளுக்குப் போன் போட்டாள்.

"நான் செத்துப் பாக்கப் போறேன்," என்றாள்.

மகள் பதறிப்போனாள். அம்மாவோ, நீச்சல் கற்றுக்கொடுக்கிறவன் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதில்லையா, அதுபோலத்தான், தான் இல்லாமல் இருக்க அவனுக்குப் பழக்கிவிடப் போகிறேன் என்று நிதானமாக விளக்கினாள். முதல் ஒத்திகை மாடிப்படியில் நடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மாடி கீழே இறங்கிப் படியில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, மேலே பெரியவர் கதவை இடிக்கிற சத்தத்தில் கட்டடமே எட்டிப் பார்த்தது.

அதற்குப் பிறகுதான் அந்த உபாயம் அம்மாவுக்குத் தோன்றியது. மகள் செய்து கொடுத்த இரண்டாவது பல்செட்டை ஒரு மூடி போட்ட டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் போட்டுப் பெரியவர் கையில் கொடுத்தாள். "இது உன்கிட்ட இருக்கட்டும். தினம் காலைல தண்ணி மாத்து. நான் வந்து வாங்கிக்கறேன்," என்றாள். பெரியவர் டப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பல்லை விட்டுவிட்டுப் போகிற ஒரு மனுஷி திரும்பி வராமல் எங்கே போய்விட முடியும்? அன்றைக்குக் கதவு இடிபடவில்லை. அம்மாவின் வாயில் இன்னொரு செட் அவர் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. அதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அதன்பின் ஒத்திகை வளர்ந்தது. மாடிப்படியிலிருந்து கடைவீதிக்கு, கடைவீதியிலிருந்து பல்லக்காவின் வீட்டுக்கு, அங்கே ஒரு ராத்திரி, அப்புறம் சில ராத்திரிகள். எதிர்வீட்டு டாக்ஸிக்காரரும் அவர் மனைவியும் பெரியவரை எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். பல்லக்காவின் வீடு என்பது ஒரே அறை, அதில் கட்டில் ஒன்று, பகலில் தூங்கி ராத்திரி வேலைக்குப் போகிற புருஷன் ஒருவர். அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "இப்ப தண்ணி மாத்தியிருப்பான்," என்பாள். சாவதற்குப் பழகினது அவனா நானா என்று தெரியவில்லை என்றும் சொல்லுவாள். சொல்லிவிட்டு, பல் போனால் சொல் போச்சு, எனக்குப் பல் இரண்டு செட் இருப்பதால் சொல்லும் இரண்டு மடங்கு என்று சிரிப்பாள்.

பெரியவர் கடைசியில் எங்கே இருப்பது என்பதையும் அம்மாவே முடிவு செய்தாள். பையனையும் கூட்டிக்கொண்டு இல்லம் இல்லமாக ஏறி இறங்கினாள். ஊருக்கு ஒதுக்குப்புறத்தில், அவரைப் போன்றவர்கள் சிலர் சேர்ந்து வாழ்கிற ஒரு வீட்டில் பெரியவர் எல்லாக் குழாய்களையும் பார்த்துவிட்டு வந்து, "சரியா இருக்கு," என்றார். அதுவே முடிவாயிற்று. அங்கே இடம் காலியாகும்போது சொல்வார்கள். "உன் தலையில கட்டமாட்டேன்," என்று அம்மா மகளிடம் சொன்னாள். அப்படியெல்லாம் பேசாதேம்மா என்றாள் மகள். ஆனால் மனசிலிருந்து ஒரு கல் இறங்கினதும் உண்மை. அவளால் முடியாது என்பது பாதிதான். வேண்டாம் என்பது மீதி. அந்த மீதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இவ்வளவு ஒத்திகை பார்த்தவள் கடைசியில் ஒத்திகை இல்லாமலேதான் போனாள். பித்தப்பையில் கல், சின்ன ஆபரேஷன், போனால் வந்துவிடலாம் என்றார்கள். டாக்ஸிக்காரர் வண்டியில் ஏறும் முன் வழக்கம்போல டப்பாவைப் பெரியவர் கையில் கொடுத்து, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கவில்லை.

பல்லக்காவுக்கு ஓர் அண்ணனும் உண்டு, அவன் கடல் கடந்து வந்து சேர்ந்தான். வேறு தேசத்தில் பாலம் கட்டுகிற கம்பெனியில் என்ஜினியர். பெரியவரை இறுதிச் சடங்குக்குக் கூட்டிப் போக வேண்டாம், பார்த்தால் பயந்துவிடுவான் என்று அவன் சொன்னதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பல்லக்காவும் ஒத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அவளை நாற்காலி என்று சொல்லியிருந்தால்கூட ஒத்துக்கொண்டிருப்பாள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து, அம்மா இறந்துட்டாங்கடா என்று பெரியவரிடம் சொன்னது அவள்தான். மூடி மறைக்காமல் அந்த வார்த்தையையே சொன்னாள். பெரியவர், "சரி," என்றார். மறுநாள் காலை எழுந்து டப்பாவில் தண்ணீர் மாற்றினார்.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இரவு உடை, சீப்பு, காகிதத்தில் சுற்றின பல்செட். பல்லக்கா பல்செட்டை எடுத்துத் தன் கைப்பையின் உள்ளறையில் வைத்தாள். அதற்கப்புறம் அந்த ஜிப்பைத் திறக்கவில்லை.

அவள் அழவும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன் மரத்துப்போக ஊசி போடுவார்களே, அதற்குப் பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டால்கூடத் தெரியாது. ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. லேபுக்குப் போனாள், பல் நட்டாள், வீட்டுக்கு வந்தாள், புருஷன் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டைச் சூடு பண்ணாமல் சாப்பிட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அழுதார்கள், அவள் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். நல்ல மனஉறுதி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குச் சிரிப்புதான் வருகிறது. மரக்கட்டைக்கும் மனஉறுதிக்கும் வித்தியாசம் தெரியாத ஜனங்கள்.

பெரியவரும் அமைதியாகத்தான் இருந்தார். எதிர்வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிட்டார், மையத்து வண்டியில் போய்வந்தார், டாக்ஸிக்காரர் மனைவி கதவைத் தட்டினால் திறந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தகவல் சொன்னார். அந்த மனுஷியின் ஒத்திகை வீண்போகவில்லை என்று எல்லோரும் வாய்விட்டுச் சொன்னார்கள். மையத்தில் மற்ற பெற்றோருக்கு அம்மாவை உதாரணமாகவே காட்டினார்கள். அண்ணன் ஊருக்குக் கிளம்பும்போது, அம்மா ஒரு பெரிய பாரத்தை நம் தலையிலிருந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறாள் என்றான். சொன்னவன் விமானம் ஏறிவிட்டான்.

இல்லத்தில் இடம் காலியானதாகச் செய்தி வந்தது. அம்மாவின் வீடு வாடகை வீடு, அதையும் ஒழித்துக் கொடுத்தாக வேண்டும். பல்லக்கா லீவு போட்டுவிட்டுப் பெரியவரின் துணிமணியைக் கட்டி, அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். இல்லத்தின் பொறுப்பாளர் நடுத்தர வயதுப் பெண், அதட்டாமலேயே ஆளை உட்கார வைக்கிற குரல். பெரியவர் தன் அறையைப் பார்த்தார், குழாய்களைப் பார்த்தார், சரியாக இருக்கிறது என்றார். சாப்பிட உட்காரச் சொன்னபோது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நேராக வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

இழுத்தும் பார்த்தார்கள், கெஞ்சியும் பார்த்தார்கள். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நகரவில்லை. சாயங்காலம் ஆகியும் அப்படியே நின்றார். ஏன்டா என்று பல்லக்கா நூறாவது தடவையாகக் கேட்டபோதுதான் பதில் வந்தது.

"வீடு பூட்டியிருக்குமே. அம்மா வந்தா பல்லு வேணும்ல?"

பல்லக்காவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அம்மாவுக்குச் சறுக்கின இடம் இதுதான். அம்மா இல்லாமல் இருக்க அவருக்குக் கற்றுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, அம்மா எப்படியும் வந்துவிடுவாள் என்பதை வருஷக்கணக்காக, ஒவ்வொரு தடவையும் வந்து வந்து, மனசில் ஆணி அடித்தாற்போலக் கற்றுக்கொடுத்துவிட்டாள். செத்துப் பார்த்தவள் ஒவ்வொரு தடவையும் உயிரோடு திரும்பினாள். அமைதி அமைதி என்று ஊர் மெச்சினதெல்லாம் அமைதியே இல்லை. அவர் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பெரியவரை வீட்டுக்கே திருப்பிக் கூட்டி வந்தாள். பொறுப்பாளர் தன்மையாகத்தான் பேசினார். ஆனால் வேறு குடும்பங்களும் வரிசையில் நிற்கிறார்கள், இந்த வாரத்துக்குமேல் இடத்தைப் பிடித்து வைக்க முடியாது, இன்னொரு தடவை கூட்டி வாருங்கள், அப்போதும் தங்காவிட்டால் என்னை மன்னிக்க வேண்டும் என்றார். மன்னிப்பதில் பல்லக்காவுக்கு ஒன்றும் சிரமமில்லை. அதற்கப்புறம் பெரியவர் எங்கே படுப்பார் என்பதுதான் தெரியவில்லை.

அண்ணன் போனில் வழி சொன்னான். பாலம் கட்டுகிறவன், எதற்கும் ஒரு குறுக்குவழி வைத்திருப்பான். "அம்மா இனிமே அங்கதான் வருவாங்கன்னு சொல்லிடு. டப்பாவையும் கூடவே அனுப்பிடு. அவ்வளவுதானே விஷயம்?" என்றான். அவளுக்கு முதலில் சரி என்றுதான் பட்டது. போனை வைத்துவிட்டு யோசித்தபோதும் சரி என்றே பட்டது. காத்திருக்கிறவனுக்குத் துக்கம் கிடையாது. தினமும் காலையில் ஒரு வேலை, தினமும் சாயங்காலம் ஒரு நம்பிக்கை, அதில் யாருக்கு என்ன நஷ்டம்? சொல்லப்போனால் அவளுக்குத் தம்பி மேல் பொறாமையாகவே இருந்தது.

மறுநாள் லேபில் ஒரு கிழவருக்கான கீழ் வரிசையை நட்டுக்கொண்டிருந்தாள். கடைவாய்ப் பல்லை வைக்கும்போது ஒரு காட்சி குறுக்கே வந்து நின்றது. பெரியவருக்கு அறுபது வயது. தலை நரைத்து, முதுகு வளைந்து, இல்லத்து வாஷ்பேசின் முன்னால் நின்று டப்பாவில் தண்ணீர் மாற்றுகிறார். ஏன் இவ்வளவு நாள் ஆகிறது என்று யோசிக்கிறார். நான் ஏதாவது தப்புப் பண்ணினேனா, அதனால்தான் வரவில்லையா என்று யோசிக்கிறார். பல்லக்கா மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆனால் கை ஓடவில்லை. தலைவலி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள்.

மையத்திலிருந்து பெரியவர் வந்து, குழாய்களைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் பாதிச் சாமான் கட்டிவைத்தாயிற்று. மேஜையும் இரண்டு நாற்காலியும் மிச்சம். பல்லக்கா எதிரில் உட்கார்ந்து, கைப்பையின் உள்ளறை ஜிப்பைத் திறந்து, காகிதத்தைப் பிரித்து, அதில் இருந்ததை மேஜைமேல் வைத்தாள்.

பெரியவர் குனிந்து பார்த்தார். கையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். அவர் அப்படி வைத்துக்கொள்வது அபூர்வம்.

"இது அம்மா வாயில இருக்கறது," என்றார்.

"ஆமா."

"எப்படி இங்க வந்துச்சு?"

"ஆஸ்பத்திரில குடுத்தாங்க. அம்மாவுக்கு இனிமே வேண்டியதில்லடா. அம்மா இறந்துட்டாங்க. இறந்துட்டா சாப்பிட மாட்டாங்க, பேச மாட்டாங்க, எங்கயும் இருக்க மாட்டாங்க. பல்லு வாங்க வரமாட்டாங்க."

"பசிக்காதா?"

"பசிக்காது."

பெரியவர் எழுந்து உள்ளே போய் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, குழாயை இறுக்க மூடிவிட்டு, தன்னிடம் இருந்த செட்டைத் துண்டால் துடைத்து, மேஜையில் இருந்ததற்குப் பக்கத்தில் வைத்தார். பல்லக்காவுக்குத் தொழில் பழக்கம், கண் தானாகவே இரண்டையும் ஒப்பிட்டுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது மழமழவென்று தேய்ந்து, டீக் கறை ஏறி, ஒரு மனுஷியின் வாழ்க்கையையே மென்று முடித்திருந்தது. மற்றதில் அவள் செதுக்கின மேடுபள்ளம் எல்லாம் அன்றைக்குச் செதுக்கினபடியே இருந்தது. ஒரு நாள்கூட அது ஒரு பருக்கையையும் கடித்ததில்லை.

"இதை அம்மா போட மாட்டாங்க," என்றார் பெரியவர், புதியதைத் தொட்டு. "ஈறுல குத்துதுன்னு சொன்னாங்க. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க. நீ வருத்தப்படுவியாம்."

பல்லக்கா புதியதை எடுத்து, ஈறில் உட்காரும் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"வேணும்ங்கறதைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. வேண்டாததை என்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டாங்க," என்றார். குரலில் கோபம் இல்லை. குழாய் ஒழுகுகிறது என்று சொல்கிற அதே குரல். பிறகு மேஜையில் தலையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார். பல்லக்கா அவர் முதுகில் கையை வைத்தாள். முதுகு வெகுநேரம் குலுங்கிக்கொண்டே இருந்தது. தம்பிக்கு வருகிற அழுகை தனக்கு ஏன் வரவில்லை என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்தபோதும் எதுவும் வரவில்லை. வெளிச்சம் மங்குகிற வரைக்கும் கையை மட்டும் எடுக்காமல் வைத்திருந்தாள்.

காலையில் அவர் தண்ணீர் மாற்றவில்லை. இரண்டு செட்டையும் டப்பாவில் போட்டு மூடி, "நீயே வெச்சுக்கோ," என்று அவளிடம் கொடுத்துவிட்டார்.

வாரக் கடைசியில் இரண்டாவது தடவை இல்லத்துக்குப் போனார்கள். பொறுப்பாளர் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். பெரியவர் தன் துணிகளை அலமாரியில் அடுக்கினார், பக்கத்து அறைக்காரரோடு சேர்ந்து சாப்பிட்டார், குழாய்களைப் பார்த்தார். ஒன்று லேசாகச் சொட்டுகிறது என்று பொறுப்பாளரிடம் புகார் சொன்னார். பல்லக்கா கம்பிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

சாயங்காலம் அவள் கிளம்ப எழுந்தபோதுதான் பெரியவர் பின்னால் கட்டியிருந்த வலது கையை எடுத்து முன்னால் நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது.

அவளுக்குப் புரிந்தது. பொறுப்பாளருக்குப் புரியவில்லை, ஏதோ தின்பண்டம் கேட்கிறார் என்று நினைத்துப் புன்னகைத்தார்.

பல்லக்கா பையில் துழாவிக் குடையை எடுத்துக் கொடுத்தாள்.

"வீட்ல வேற குடை இருக்கா?" என்றார் பெரியவர்.

"இருக்கு."

"அப்ப வேணாம்."

பையில் எப்போதும் கிடக்கிற மெழுகுக் கத்தியை எடுத்தாள். கைப்பிடி தேய்ந்துபோன, அவள் கைக்கென்றே பழகின கத்தி. லேபில் வேறு கத்தி இருக்கிறதா என்று அவர் கேட்டார். அவளால் பொய் சொல்ல முடிந்திருக்கும். சொல்லவில்லை. இருக்கிறது என்றாள். கத்தியும் திரும்பி வந்தது. கை மட்டும் நீட்டியபடியே இருந்தது. அவர் முகத்தில் பிடிவாதம்கூட இல்லை. ஏமாந்தது போதும் என்கிற நிதானம்தான் இருந்தது.

பல்லக்கா நின்று யோசித்தாள். அம்மா செய்த தப்பையே தானும் செய்துவிடக்கூடாது என்று மட்டும் தெளிவாக இருந்தது.

"இதப் பாருடா," என்றாள். "ஒரு நாள் நானும் செத்துப் போவேன். அன்னைக்கு வரமாட்டேன். எதைக் குடுத்துட்டுப் போனாலும் வரமாட்டேன். புரியுதா?"

பெரியவர் யோசித்தார். "சரி," என்றார். பிறகு, "நாளைக்கு?" என்றார்.

"நாளைக்கு வருவேன்."

கை இறங்கவில்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். கழற்றினதும் தம்பியின் முகம் கலைந்து, சட்டையின் நீலம் மட்டும் மிஞ்சியது. அதை நோக்கி நீட்டினாள்.

"வேற இருக்கா?" என்றது நீலம்.

"இல்ல."

"இது இல்லாம வேலை செய்வியா?"

"முடியாது."

கண்ணாடி அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கப்பட்டது. சட்டை நுனியால் துடைக்கிற சத்தம் கேட்டது. அவர் எதையும் துடைத்துத்தான் வைப்பார்.

பொறுப்பாளர் அவளைக் கையைப் பிடித்துக் கம்பிக் கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். என்ன இது, எப்படிப் போவீர்கள் என்றார். போய்விடுவேன் என்றாள் பல்லக்கா. வெளியே சாலை ஒரு சாம்பல் நிறம், அதில் வண்டிகள் வெளிச்சப் பொட்டுகள். மதில் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். நடைபாதை முடிகிற இடம் தெரியாமல் கால் விரலைக் கல்லில் இடித்துக்கொண்டாள். நல்ல அடி. சுருக்கென்று மண்டை வரைக்கும் வலித்தது. அம்மா போனதிலிருந்து அவளுக்கு வலித்த முதல் வலி அதுதான். சுவரில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். விரல் விண்விண் என்று தெறித்தது. தெறிக்கட்டும் என்று நின்றாள்.

பஸ் நிறுத்தத்தில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் காய்கறிப் பை மாதிரி ஏதோ இருந்தது. பஸ் வந்து நின்றது. இது எத்தனையாம் நம்பர் பஸ் என்று பல்லக்கா அவளிடம் கேட்டாள். அவள் சொன்னாள். அது இல்லை. அடுத்ததையும் கேட்க வேண்டியிருந்தது. அதையும் சொன்ன அந்தப் பெண், பல்லக்காவின் மூக்கில் பதிந்திருந்த தடத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"கண்ணாடியை எங்கயாவது மறந்து வெச்சுட்டீங்களா?" என்றாள்.

"இல்லீங்க," என்றாள் பல்லக்கா. "தம்பிகிட்ட இருக்கு. காலைல போய் வாங்கிக்கணும்."